ஃபோர்டு என்னும் பெயர்

நுழையும்முன்

சாலையில் விரையும் மகிழுந்துகளின் முகப்பில் பலவகைப் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் சில, ஒரு காலத்தில் உயிருடன் வாழ்ந்த மனிதர்களின் பெயர்கள் ஆகும். நீலநிற நீள்வட்டத்துள் வெண்ணிற எழுத்துகளால் எழுதப்பட்ட ஃபோர்டு என்னும் பெயரும் அத்தகையதே. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் வழங்கிவரும் அப்பெயருக்கு உரியவர், பிழைப்புத் தேடிக் கடல்கடந்து வந்த உழவர் ஒருவரின் மகன். ஒரு பெயர் எவ்வாறு புகழ் பெறுகிறது, எவ்வாறு கறை படுகிறது என்னும் இரண்டையும் அவருடைய வாழ்க்கை காட்டுகிறது.

உழவர் வீட்டுப் பிள்ளை

1840களில் அயர்லாந்து நாட்டைக் கொடிய பஞ்சம் வாட்டியது. மக்களின் முதன்மை உணவான உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்தது. பசியால் இறந்தவர் பலர்; நாட்டைவிட்டுக் கப்பலேறியவர் பலர். 1847ஆம் ஆண்டு அவ்வாறு அமெரிக்கா சென்ற குடும்பங்களுள் ஒன்று ஃபோர்டு குடும்பம். அக்குடும்பத்தின் இளைஞர் வில்லியம் ஃபோர்டு, மிச்சிகன் மாநிலத்தில் டியர்பார்ன் என்னும் ஊரின் அருகே காட்டைத் திருத்திக் கழனியாக்கினார். அவர் மணந்த மேரி, பெல்ஜியம் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் மகள். இவ்விருவருக்கும் 1863ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் ஹென்றி ஃபோர்டு பிறந்தார்.

ஹென்றிக்கு உழவுத் தொழிலில் விருப்பம் இல்லை. கழனி வேலையில் மனிதர் படும் பாட்டைக் குறைக்க வழியுண்டா என்றே அவருடைய சிந்தை ஓடியது. சிறுவயதில் கைக்கு வந்த கடிகாரத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். விரைவில் அண்டை வீட்டாரின் பழுதடைந்த கடிகாரங்கள் அவரைத் தேடி வந்தன.

1876ஆம் ஆண்டு அவருடைய வாழ்வில் இரு பெரும் நிகழ்ச்சிகள் நடந்தன. அவ்வாண்டின் தொடக்கத்தில் தாய் மேரி காலமானார். பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு அது ஆறாத் துயராயிற்று. அதே ஆண்டில் ஒருநாள் தந்தையுடன் குதிரை வண்டியில் டெட்ராய்ட் நகருக்குச் செல்லும் வழியில், எதிரே ஒரு நீராவி எந்திரம் வருவதைக் கண்டார். அதற்கு முன்னரும் அவர் நீராவி எந்திரங்களைக் கண்டதுண்டு. ஆயின் அவை குதிரைகளால் இழுத்துச் செல்லப்பட்டவை. இதுவோ தன் ஆற்றலாலேயே நகர்ந்து வந்தது. ஹென்றி வண்டியிலிருந்து குதித்தோடி, அதனை இயக்கியவரிடம் கேள்விமேல் கேள்வி கேட்டார். குதிரையில்லா வண்டி என்னும் எண்ணம் அன்று அவருள் வேரூன்றியது.

பட்டறையில் கற்ற கல்வி

1879ஆம் ஆண்டு, பதினாறு வயதில், ஹென்றி டெட்ராய்ட் நகரை அடைந்தார். பகலில் எந்திரப் பட்டறையில் வேலை கற்றார். அங்குக் கிடைத்த கூலி தங்குமிடச் செலவுக்கும் போதவில்லை. ஆகவே இரவில் நகைக்கடை ஒன்றில் கடிகாரங்களைப் பழுதுபார்த்தார். பின்னர்க் கப்பல் கட்டும் நிறுவனத்தில் பணிபுரிந்து எந்திர நுணுக்கங்களை அறிந்தார். சில ஆண்டுகளுக்குப்பின் ஊர் திரும்பி, உழவர்களின் நீராவி எந்திரங்களை இயக்கியும் பழுதுபார்த்தும் வந்தார். 1888ஆம் ஆண்டு கிளாரா பிரையன்ட் என்னும் மங்கையை மணந்தார்.

1891ஆம் ஆண்டு கணவனும் மனைவியும் மீண்டும் டெட்ராய்டில் குடியேறினர். அங்கு எடிசன் பெயரால் இயங்கிய மின்விளக்கு நிறுவனத்தில் ஃபோர்டு பொறியாளராகச் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். 1893ஆம் ஆண்டு அவர்களுக்கு எட்செல் என்னும் மகன் பிறந்தான். அவ்வாண்டு கிறித்துமசுக்கு முந்தைய இரவில், தாமே செய்த சிறிய பெட்ரோல் எந்திரத்தை அடுக்களைத் தொட்டியின்மேல் பொருத்தினார். விருந்துக்குச் சமைத்துக்கொண்டிருந்த கிளாரா, கைவேலையை விட்டுவிட்டு வந்து எரிபொருளைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். எந்திரம் உறுமியது, தொட்டி அதிர்ந்தது. கணவரின் முயற்சியில் கிளாரா கொண்ட நம்பிக்கை என்றும் தளரவில்லை.

சுவரை உடைத்த வண்டி

வீட்டின் பின்புறக் கொட்டகையே ஃபோர்டின் ஆய்வுக்கூடம். பணிமுடிந்து வந்த இரவுகளில் அங்கே ஒரு வண்டியை உருவாக்கினார். நான்கு மிதிவண்டிச் சக்கரங்கள், இரண்டு உருளைகள் கொண்ட சிறிய எந்திரம், ஓர் இருக்கை ஆகியவையே அவ்வண்டி. அது பின்னோக்கிச் செல்லாது. 1896ஆம் ஆண்டு சூன் 4ஆம் நாள், விடியலுக்கு முன், வண்டி புறப்பட ஆயத்தமாயிற்று. அப்போதுதான் ஓர் உண்மை புலப்பட்டது. வண்டியைவிடக் கொட்டகையின் கதவு குறுகலாக இருந்தது! ஃபோர்டு கோடரியை எடுத்துச் செங்கற்சுவரை இடித்து வழி செய்தார். நண்பர் ஒருவர் மிதிவண்டியில் முன்னே சென்று பிறரை எச்சரிக்க, ஃபோர்டின் முதல் வண்டி டெட்ராய்டின் தெருக்களில் ஓடியது.

அவ்வண்டியை அவர் 200 டாலருக்கு விற்று, அப்பணத்தைக் கொண்டு அடுத்த வண்டியைச் செய்யத் தொடங்கினார். அதே ஆண்டில் புகழ்பெற்ற அறிவியலாளர் தாமசு ஆல்வா எடிசனை ஒரு விருந்தில் சந்தித்தார். எடிசன் அவருடைய முயற்சியைப் பாராட்டி ஊக்கமூட்டினார். அன்று தொடங்கிய நட்பு எடிசனின் இறுதிவரை நீடித்தது.

இரு தோல்விகள்

பெரும்புகழ் பெற்ற அப்பெயர் முதலில் தோல்வியையே கண்டது. 1899ஆம் ஆண்டு செல்வர் சிலரின் துணையுடன் ஃபோர்டு தொடங்கிய நிறுவனம், ஓராண்டைச் சற்றே கடந்த நிலையில் மூடப்பட்டது. 1901ஆம் ஆண்டு இரண்டாம் நிறுவனம் தோன்றியது. பணம் இட்டவர்கள் வண்டிகளை விரைந்து விற்க விரும்பினர். ஃபோர்டோ பந்தய வண்டிகளைச் செம்மைப்படுத்துவதில் கருத்தூன்றினார். சில திங்களிலேயே அவர் விலக நேர்ந்தது. அவர் விட்டுச்சென்ற நிறுவனத்தைத் துல்லியமான வேலைக்குப் பெயர்பெற்ற ஹென்றி லேலண்ட் சீரமைத்தார். அதுவே காடிலாக் என்னும் பெயரில் பெரும்புகழ் பெற்றது.

இரு முறை வீழ்ந்தும் ஃபோர்டு சோர்ந்துவிடவில்லை. 1901ஆம் ஆண்டு நடைபெற்ற மகிழுந்துப் பந்தயத்தில், அக்காலத்தின் சிறந்த ஓட்டுநராகிய அலெக்சாண்டர் விண்டனை வென்று அவர் பெயர் பெற்றிருந்தார். அந்தப் பெயரே புதிய துணைவர்களைச் சேர்த்துத் தந்தது. 1903ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் ஃபோர்டு மோட்டார் நிறுவனம் பிறந்தது. அதன் கையிருப்பு 28,000 டாலர். ஒரே திங்களில் அப்பணம் கரைந்து, வங்கியில் 223 டாலர் மட்டுமே எஞ்சியது. அந்நிலையில் சிகாகோவைச் சேர்ந்த பல் மருத்துவர் ஒருவர் முதல் வண்டியை வாங்கினார். நிறுவனம் பிழைத்தது.

எல்லாருக்கும் ஒரு வண்டி

அக்காலத்தில் மகிழுந்து என்பது செல்வர்களின் விளையாட்டுப் பொருள். உழவரும் தொழிலாளரும் வாங்கத்தக்க வண்டியைச் செய்வதே ஃபோர்டின் நோக்கம். 1908ஆம் ஆண்டு அக்டோபரில் அந்நோக்கம் மாடல் டி என்னும் வடிவம் பெற்றது. இருபது குதிரைத்திறன் கொண்ட எளிய எந்திரம், எடை குறைந்தும் வலிமை மிகுந்தும் விளங்கும் வனேடியம் எஃகு, சேற்றுப் பாதையிலும் மேடுபள்ளத்திலும் தட்டாமல் செல்லுமாறு உயர்ந்த அடித்தளம் ஆகியவை அதன் சிறப்புகள். பழுதுற்றால் உரிமையாளரே சில எளிய கருவிகளால் சரிசெய்துகொள்ளலாம். உழவர்கள் அதன் பின்சக்கரத்தில் பட்டையைப் பூட்டி மரம் அறுத்தனர், நீர் இறைத்தனர். மக்கள் அதற்கு டின் லிசி என்னும் செல்லப்பெயர் சூட்டினர்.

தொடக்கத்தில் மாடல் டியின் விலை 850 டாலர். அதைக் குறைக்க வேண்டுமாயின் செய்முறையே மாற வேண்டியிருந்தது. ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் 1913ஆம் ஆண்டு அம்மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை வண்டி ஓரிடத்தில் நிற்கும். தொழிலாளர்கள் உறுப்புகளைச் சுமந்து அதனிடம் செல்வர். இப்போது தொழிலாளர்கள் நின்ற இடத்திலேயே நிற்க, வண்டி அவர்களை நோக்கி நகர்ந்து வந்தது. ஒவ்வொருவரும் ஒரே ஒரு வேலையைச் செய்தனர். ஒருவர் திருகாணியை வைத்தார். மற்றொருவர் அதை முறுக்கினார். அசெம்பிளி லைன் எனப்படும் இந்த நகரும் பொருத்துவரிசை, சோரன்சன், கிளான் முதலிய பணியாளர் பலரின் கூட்டு முயற்சியால் உருவானது. சிகாகோ இறைச்சிக்கூடங்களில் கொக்கிகளில் தொங்கியவாறு நகரும் இறைச்சியைக் கண்டதும் அதற்கொரு தூண்டுதல்.

பன்னிரண்டரை மணிநேரம் பிடித்த அடிச்சட்டகப் பொருத்துவேலை 93 நிமிடங்களில் முடிந்தது. விலையும் ஆண்டுதோறும் இறங்கி, 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே வந்தது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மாடல் டி வண்டிகள் வெளிவந்தன. தொலைவில் வாழ்ந்த உழவர் குடும்பங்கள் சந்தைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் எளிதாகச் செல்ல முடிந்தது. ஃபோர்டு என்னும் பெயர், எளிய மக்களின் நம்பிக்கைக்குரிய பெயராயிற்று.

ஐந்து டாலர் கூலி

வரிசை விரைந்தது, மனிதர்கள் களைத்தனர். ஒரே அசைவை நாள்முழுதும் செய்யும் வேலை பலருக்குச் சலிப்பையும் நோவையும் தந்தது. 1913ஆம் ஆண்டில் மட்டும், ஏறத்தாழ 14,000 பேர் வேலைசெய்த தொழிற்சாலைக்கு 50,000க்கும் மேற்பட்டோரைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. வந்தவருள் பலர் விரைவில் விலகிச் சென்றதே காரணம்.

1914ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள் நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. நாட்கூலி ஐந்து டாலர். வேலைநேரம் ஒன்பது மணியிலிருந்து எட்டு மணியாகக் குறைக்கப்படும். அதுவரை வழங்கப்பட்ட கூலியைப்போல் அது இருமடங்கு. நாடே வியந்தது. கடுங்குளிரில் ஆயிரக்கணக்கானோர் தொழிற்சாலை வாயிலில் திரண்டனர். கூட்டத்தைக் கலைக்க அவர்கள்மீது நீர் பீய்ச்சி அடிக்கப்பட்டது. உறைபனிக் காலத்தில் நனைந்த உடையுடன் வீடு திரும்பியவர்களும் அந்த அறிவிப்பின் வரலாற்றில் அடங்குவர்.

ஐந்து டாலரில் ஒரு பகுதி கூலி. எஞ்சியது நிபந்தனைகளுடன் கூடிய பங்கு. தொழிலாளி மது அருந்துகிறாரா, சேமிக்கிறாரா, வீடு தூய்மையாக உள்ளதா என ஆராய நிறுவன அலுவலர்கள் வீடுவீடாகச் சென்றனர். தகுதி பெறாதவருக்கு முழுத்தொகை இல்லை. பெண்களுக்கு முதலில் அது வழங்கப்படவே இல்லை. ஆயினும் தகுதி பெற்ற குடும்பங்கள் பல சொந்த வீடு வாங்கின. தாம் செய்த வண்டியைத் தாமே வாங்கும் நிலையையும் அடைந்தன.

கப்பலும் கொப்பரையும்

அத்தொழிற்சாலையில் பெரும்பாலோர் பிறநாட்டில் பிறந்தவர்கள். போலந்து, இத்தாலி, உருசியா, உருமேனியா, சிரியா எனப் பல நாட்டவரும் ஒரே வரிசையில் நின்று வேலை செய்தனர். அவர்களுக்காக 1914ஆம் ஆண்டு நிறுவனம் ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கியது. வேலைநேரத்துக்கு வெளியே அவர்கள் அங்குச் சென்று ஆங்கிலம் கற்றனர். எச்சரிக்கைப் பலகையைப் படிக்கவும், கடைக்குச் செல்லவும், குடியுரிமை பெறவும் அக்கல்வி உதவியது. அதன் பயனை மறுக்க இயலாது.

ஆனால் பட்டமளிப்பு விழா வேறொன்றையும் சொல்லியது. மேடையில் ஒரு கப்பலின் தோற்றம். அதன்முன் மிகப்பெரிய கொப்பரை ஒன்று. மாணவர்கள் தத்தம் நாட்டு உடையுடன், கையில் மூட்டையுடன் கப்பலிலிருந்து இறங்கி, அக்கொப்பரைக்குள் புகுவர். ஆசிரியர்கள் நீண்ட அகப்பைகளால் கொப்பரையைக் கிண்டுவதுபோல் நடிப்பர். சற்று நேரத்தில் அனைவரும் ஒரேவகை அமெரிக்க உடை அணிந்து, கையில் அமெரிக்கக் கொடி ஏந்தி வெளியே வருவர்.

புதிய மொழியைக் கற்பது ஒன்று. பழைய மொழியைக் களைந்தெறிவது வேறொன்று. அந்த விழா இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டியது. ஒரே அச்சில் வார்க்கப்பட்ட உறுப்புகள் எந்த வண்டிக்கும் பொருந்தும் என்பது ஃபோர்டு தொழிற்சாலையின் அடிப்படை விதி. மனிதரையும் அவ்வாறே ஒரே அச்சில் வார்க்கலாம் என்று அத்தொழிற்சாலை எண்ணியது. அதன் உரிமையாளரின் தந்தையும் அத்தகையதொரு கப்பலில் வந்திறங்கியவரே.

மாற மறுத்த தலைவர்

எளிய மக்களுக்கு மாடல் டி போதுமானது என்பது ஃபோர்டின் உறுதி. அந்த உறுதியே பின்னர்ப் பிடிவாதமாயிற்று. 1914 முதல் 1925 வரை அவ்வண்டி கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்கப்பட்டது. இதற்கிடையில் செவர்லே முதலிய வண்டிகள் பல நிறங்களிலும் புதிய வசதிகளுடனும் வந்தன. தவணைமுறையில் பணம் செலுத்தவும் வழி பிறந்தது. மக்கள் அவற்றை நாடினர். 1919 முதல் நிறுவனத் தலைவர் பொறுப்பில் இருந்த மகன் எட்செல், வண்டியை மாற்ற வேண்டுமென வற்புறுத்தினார். பொறுப்பு மகனிடம் இருந்தது. அதிகாரமோ தந்தையிடமே இருந்தது.

இறுதியில் விற்பனை சரியவே, 1927ஆம் ஆண்டு மே திங்களில் மாடல் டி நிறுத்தப்பட்டது. மாற்று வண்டிக்கான ஆயத்தம் முன்னரே செய்யப்படவில்லை. ஆகவே தொழிற்சாலைகள் பல திங்கள் முடங்கின. பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலையின்றித் தவித்தனர். அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்த மாடல் ஏ நற்பெயரை மீட்டது. அதன் அழகிய வடிவில் எட்செலின் கைவண்ணம் இருந்தது.

பெயரில் படிந்த கறை

ஃபோர்டின் வாழ்வில் மறைக்க இயலாத கறை ஒன்று உண்டு. 1918ஆம் ஆண்டு அவர் தம் ஊரில் வெளிவந்த ஒரு வார இதழை விலைக்கு வாங்கினார். 1920ஆம் ஆண்டு முதல் அவ்விதழ் யூத மக்கள்மீது பொய்யான பழிகளைச் சுமத்திக் கட்டுரைகளை வெளியிட்டது. உலகின் துன்பங்களுக்கெல்லாம் அவர்களே காரணம் என்பது அக்கட்டுரைகளின் சாரம். அவை நூல்களாகவும் தொகுக்கப்பட்டு, பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுச் செருமனியிலும் பரவின. வழக்கறிஞர் ஒருவர் வழக்குத் தொடுத்தபின், 1927ஆம் ஆண்டு ஃபோர்டு பெயரில் மன்னிப்பு அறிக்கை வெளியானது, இதழும் நிறுத்தப்பட்டது.

அறிக்கை வந்தது, நஞ்சு வற்றவில்லை. அந்நூல்கள் தொடர்ந்து அச்சிடப்பட்டன. 1938ஆம் ஆண்டு, தம் எழுபத்தைந்தாம் பிறந்தநாளில், இட்லரின் அரசு அளித்த உயரிய பதக்கத்தை ஃபோர்டு ஏற்றுக்கொண்டார். எந்திரத்தில் ஒரு நூலிழை பிசகையும் பொறுக்காதவர், சொல்லில் நிகழ்ந்த இப்பெரும்பிசகைத் திருத்தத் தவறினார். தொழிற்சாலையில் தவறாகச் செய்த உறுப்பைக் கழித்துவிடலாம். ஊரெங்கும் பரவிய பொய்யை அவ்வாறு திரும்பப் பெற இயலாது.

மேம்பாலத்தில் நடந்தது

ஐந்து டாலர் கூலி தந்தவர் தொழிலாளர் சங்கம் அமைப்பதை ஏற்கவில்லை. 1932ஆம் ஆண்டு, பொருளாதார வீழ்ச்சியால் வேலையிழந்தோர் பசிப்பயணமாக டியர்பார்ன் ஆலையை நோக்கி நடந்தனர். அவர்கள்மீது காவலர்கள் சுட்டதில் ஐவர் உயிரிழந்தனர். 1937ஆம் ஆண்டு மே 26ஆம் நாள், சங்கத் தலைவர் வால்டர் ராய்தரும் தோழர்களும் துண்டறிக்கை வழங்குவதற்காக ஆலையருகே இருந்த மேம்பாலத்தில் நின்றனர். நிறுவனத்தின் காவற்படையினர் அவர்களைத் தாக்கிக் குருதி வழியச் செய்தனர். புகைப்படத் தகடுகளைப் பறிக்கவும் முயன்றனர். செய்தித்தாள் புகைப்படக்காரர் ஒருவர் வெற்றுத் தகடுகளைக் கொடுத்துவிட்டு, உண்மைத் தகடுகளை மறைத்து எடுத்துச் சென்றார். மறுநாள் அப்படங்களை நாடு கண்டது.

1941ஆம் ஆண்டு ஆலையில் பெரும் வேலைநிறுத்தம் நடைபெற்றது. அதன்பின் சங்கத்துடன் ஃபோர்டு உடன்பாடு செய்துகொண்டார். இரத்தம் சிந்துவதைக் காண இயலாது, உடன்படாவிடில் வீட்டைவிட்டுச் செல்வேன் என்று கிளாரா கூறியதே அம்மனமாற்றத்துக்குக் காரணம் எனச் சோரன்சன் தம் நினைவுநூலில் குறித்துள்ளார்.

காந்தியடிகளின் இராட்டை

அதே 1941ஆம் ஆண்டு ஃபோர்டு காந்தியடிகளுக்குப் பாராட்டுமடல் ஒன்று எழுதினார். எந்திரங்கள் மனிதரை அடிமையாக்கும் என எச்சரித்தவர் காந்தியடிகள். உலகின் மிகப்பெரிய எந்திர ஆலைகளுள் ஒன்றின் உரிமையாளர் ஃபோர்டு. போர்க்காலத்தில் நெடுநாள் பயணம் செய்து அம்மடல் டிசம்பரில் காந்தியடிகளை அடைந்தது. அவர் மறுமொழியாகத் தாம் கையொப்பமிட்ட இராட்டை ஒன்றை அனுப்பிவைத்தார். முதுமையில் ஃபோர்டு அந்த இராட்டையைப் போற்றிப் பாதுகாத்தார்.

விளக்கொளியில் ஓர் இரவு

1943ஆம் ஆண்டு மகன் எட்செல் புற்றுநோயால் நாற்பத்தொன்பது வயதில் காலமானார். மகனுக்கு உரிய மதிப்பைத் தாம் தரவில்லையே என்னும் ஏக்கம் தந்தையை வாட்டியது. இரண்டாம் உலகப்போரின்போது ஃபோர்டு நிறுவனம் 8,000க்கும் மேற்பட்ட குண்டுவீச்சு வானூர்திகளைச் செய்தளித்தது. ஆயினும் அதன் நிருவாகம் சீர்குலைந்திருந்தது. 1945ஆம் ஆண்டு கிளாராவும் எட்செலின் மனைவி எலினாரும் வற்புறுத்த, முதியவர் பொறுப்பைப் பேரனிடம் ஒப்படைத்தார்.

1947ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் நாள் ரூஜ் ஆற்றில் வெள்ளம் பெருகியது. ஃபோர்டின் மாளிகைக்கு மின்சாரம் தந்த ஆற்றங்கரை மின்நிலையம் நீரில் மூழ்கியது. ஒரு காலத்தில் மின்விளக்கு நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்தவர், அன்றிரவு மெழுகுவத்தி ஒளியில், கிளாரா அருகிருக்க, எண்பத்துமூன்றாம் வயதில் உயிர்நீத்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வரிசையில் நின்று இறுதி மரியாதை செலுத்தினர்.

பெயருக்குப் பின்

ஃபோர்டும் எட்செலும் நிறுவிய ஃபோர்டு அறக்கட்டளை 1952ஆம் ஆண்டு புது தில்லியில் தன் அலுவலகத்தைத் திறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அவ்வறக்கட்டளை தொடங்கிய முதல் அலுவலகம் அதுவே. 1990களின் இறுதியில் சென்னையை அடுத்த மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. தனித்தமிழுக்காக வாழ்ந்த மறைமலையடிகளின் பெயர் தாங்கிய ஊர் அது. பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளித்த அந்த ஆலையில் 2022ஆம் ஆண்டு உற்பத்தி நின்றபோது, அமெரிக்கப் பெயர் ஒன்றின் ஏற்றத்தாழ்வைத் தமிழகமும் உணர்ந்தது.

ஃபோர்டு பிறந்த டியர்பார்ன், இன்று அரபு மொழி பேசும் மக்கள் பெருமளவில் வாழும் நகரம். அவர்களுள் பலருடைய முன்னோர், ஃபோர்டு ஆலையின் வேலையை நாடி வந்தவர்கள். அந்நகரக் கடைகளின் பெயர்ப்பலகைகளில் ஆங்கில எழுத்துகளுக்கு அருகே அரபு எழுத்துகளும் விளங்குகின்றன. அங்குள்ள பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்தையும் வீட்டில் பாட்டியிடம் அரபியையும் பேசுகின்றனர். கொப்பரையில் கரைந்துவிடும் என்று எண்ணப்பட்டது கரையவில்லை.

ஒருவரின் குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே எடைபோட்டு மதிப்பிடுதலே தமிழ் அறநூல்கள் காட்டும் நெறி. எளியோரும் ஏறிச்செல்ல வண்டி செய்தவர் ஃபோர்டு. எளியோர் ஒன்றுகூடியபோது அவர்களை அஞ்சியவரும் அவரே. வண்டியின் முகப்பில் பெயரைப் பொறிக்க ஒருநாள் போதும். அப்பெயர் எதற்காக நினைக்கப்படும் என்பதை வாழ்நாள் முழுவதும் செய்த செயல்களே முடிவு செய்கின்றன.

சொல்லும் பொருளும்

கழனி – வயல்
அடுக்களை – சமையலறை
கருத்தூன்றுதல் – முழுக் கவனம் செலுத்துதல்
கொப்பரை – வாய் அகன்ற பெரிய பாத்திரம்
அகப்பை – நீண்ட காம்புடைய கரண்டி
பிசகு – தவறு
இராட்டை – நூல் நூற்கும் கருவி

குறுவினா

1. வில்லியம் ஃபோர்டின் குடும்பம் தாய்நாட்டை விட்டு வெளியேறியது ஏன்?
2. 1896ஆம் ஆண்டு ஃபோர்டு செங்கற்சுவரை இடித்ததற்குக் காரணம் யாது?
3. நகரும் பொருத்துவரிசையால் விளைந்த நன்மை ஒன்றையும் இடர் ஒன்றையும் குறிப்பிடுக.
4. மேம்பாலத்து நிகழ்ச்சியை நாடு எவ்வாறு அறிந்தது?

நெடுவினா

1. ஆங்கிலப் பள்ளியின் பட்டமளிப்பு விழாவை விளக்கி, அதுபற்றிய உன் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
2. ஃபோர்டு என்னும் பெயருக்குப் புகழ் சேர்த்த செயல்களையும் கறை சேர்த்த செயல்களையும் இரு பத்திகளில் தொகுத்து எழுதுக.

கற்பவை கற்றபின்

உன் குடும்பத்தில் முதன்முதலாக ஊரைவிட்டு வேலைதேடி வந்தவர் யார் என்பதைப் பெரியோரிடம் கேட்டறிக. அவர் கற்ற புதிய மொழி, விடாமல் காத்த பழக்கம் ஆகியவற்றைக் குறித்துப் பத்து வரிகள் தமிழில் எழுதி, வகுப்பில் படித்துக் காட்டுக.